வாயை அடைக்கும் சட்டம் செவியைத் திறக்கட்டும்

வாரத் தியானம்
வேத பகுதி: யாத்திராகமம் 5:1–21, அப்போஸ்தலர் 6:1–7



வேலைநிறுத்தம் என்னும் சொல் நம் பிரசங்க பீடங்களில் அரிதாகவே ஒலிக்கிறது. அது கட்சி மேடைகளுக்கும் தொழிற்சங்க அலுவலகங்களுக்கும் உரியது என்று எண்ணி ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஆனால் ஞாயிறு ஆராதனையில் நம் அருகே அமர்ந்திருப்பவர்கள் யாவர்? அரசு ஊழியர்கள், ஆசிரியைகள், செவிலியர்கள், அரசுப் பேருந்து ஓட்டுநர்கள், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் ஷிப்டு முறையில் உழைக்கும் வாலிபர்கள். அதே வரிசையில் ஆலை மேலாளரும் பள்ளித் தாளாளரும் அமர்ந்திருக்கிறார்கள். ஒரே அப்பத்தில் பங்குபெறும் இவர்கள், வேலைநிறுத்தம் என்று வந்துவிட்டால் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கிறார்கள். அப்பொழுது எல்லாரையும் சமாதானமாயிருக்கச் சொல்லிவிட்டுக் கடந்துபோவது சபைக்குப் போதுமா?

2025 நவம்பர் 21 அன்று நம் நாட்டில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் ஒன்றான தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, வேலைநிறுத்தத்துக்கான வழியை முன்னிலும் குறுக்கியிருக்கிறது. ஆகவே ஒரு கேள்வியை இவ்வாரம் வேதவெளிச்சத்தில் சிந்திப்போம். உழைப்பவன் தன் கையை மடக்கிக்கொள்ளும் உரிமைக்குச் சட்டம் எல்லை வகுக்கலாமா? வகுக்கலாமெனில், அதற்கு ஈடாக அவனுக்கு என்ன தர வேண்டும்?

என் எண்ணத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். எல்லை வகுக்கலாம், சில இடங்களில் வகுத்தே ஆகவேண்டும். ஆனால் உழைப்பவனின் வாயை அடைக்கிற சட்டம், அவன் முறையீட்டைக் கேட்கும் செவியைத் திறந்துவைக்கக் கடமைப்பட்டிருக்கிறது. அந்தச் செவி இல்லாத இடத்தில் ஒழுங்கு என்று நாம் அழைப்பது வெறும் மௌனமே.

பார்வோனின் மறுமொழி

யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தை மீட்பின் வரலாற்றில் ஒரு படியாக மட்டும் வாசித்துப் பழகிவிட்டோம். அதை ஒரு வேலைத்தலத்தின் வரலாறாகவும் வாசித்துப் பாருங்கள். மோசேயும் ஆரோனும் பார்வோனிடம் முதலில் வைத்த விண்ணப்பம் மிகச் சிறியது. வனாந்தரத்தில் மூன்று நாள் பயணம் போய்த் தங்கள் தேவனுக்குப் பலியிட அனுமதி வேண்டும் என்பதே அது. இன்றைய மொழியில் சொன்னால் சில நாள் விடுப்பு.

பார்வோன் அந்த விண்ணப்பத்தின் நியாயத்தை ஆராயவில்லை. கேட்டவர்களைச் சோம்பேறிகள் என்றான். அவர்களைத் தூண்டிவிடுகிறவர்கள் பொய் பேசுகிறார்கள் என்றான். செங்கல் அறுக்கத் தேவையான வைக்கோலை நிறுத்திவிட்டு, செங்கல்லின் எண்ணிக்கையை மட்டும் குறையாமல் கேட்டான். எண்ணிக்கை குறைந்தபோது அடிபட்டவர்கள் எபிரெயருக்குள்ளிருந்தே நியமிக்கப்பட்ட தலைவர்கள். அவர்கள் அரண்மனைக்கே சென்று முறையிட்டார்கள். அங்கும் சோம்பேறிகள் என்ற அதே வசைதான் திரும்பக் கிடைத்தது. வெளியே வந்த அவர்கள், தங்கள் கோபத்தைப் பார்வோன்மேல் காட்டாமல் மோசேயின்மேலும் ஆரோன்மேலும் காட்டினார்கள்.

மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் காட்சி பழையதாகவில்லை. கோரிக்கைக்குப் பதில் சொல்லாமல் கோருபவனின் குணத்தைக் குறை கூறுதல், வெளியாள் தூண்டிவிட்டான் என்றல், வேலைப்பளுவைக் கூட்டிக் கூட்டத்தைக் கலைத்தல், இறுதியில் தொழிலாளர்களை ஒருவரோடொருவர் மோதவிடுதல் ஆகிய யாவும் இவ்வொரு அதிகாரத்தில் உள்ளன. இதற்கு மாறாகத் தேவன் எப்படி இருந்தார்? எரிகிற முட்செடியருகே மோசேயோடு பேசிய தேவன், அந்த ஜனத்தின் உபத்திரவத்தைத் தாம் கண்டதாகவும் அவர்கள் கூக்குரலைக் கேட்டதாகவும் சொல்லியே தொடங்குகிறார். கேட்பது தேவனுடைய குணம். கேட்க மறுப்பது பார்வோனுடைய குணம். எந்தச் சட்டத்தையும் எந்த நிர்வாகத்தையும் எடைபோட இந்த அளவுகோல் நமக்குப் போதும்.

சென்னையில் தொடங்கிய வழக்கு

நம் நாட்டில் தொழிற்சங்கச் சட்டம் பிறந்த கதை நம் ஊரோடு நெருங்கிய தொடர்புடையது. சென்னை பெரம்பூரில் இருந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். பி. பி. வாடியா அதன் தலைவரானார், திரு. வி. கலியாணசுந்தரனார் அதில் முன்னின்று உழைத்தார். மதிய உணவுக்குப் போதிய இடைவேளை இல்லை என்பதே அத்தொழிலாளர்களின் தொடக்கக் குறைகளில் ஒன்று. அவர்கள் கேட்டதும் பார்வோனிடம் கேட்கப்பட்டதைப் போலச் சிறிய காரியமே.

1920இல் தகராறு முற்றியபோது, ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் வாடியா முதலிய தலைவர்கள்மேல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் அத்தலைவர்களுக்குத் தடையாணை விதித்தது. சங்கம் என்ற ஒன்றை அன்றைய சட்டம் அறியவில்லை. ஒன்றாகச் சேர்ந்து வேலையை நிறுத்துவது சதியாகவும், அதற்குத் துணைநிற்பது நஷ்டஈடு கேட்கத்தக்க குற்றமாகவும் கருதப்படக்கூடிய நிலை இருந்தது. இறுதியில் வாடியா சங்கத்தைவிட்டு விலகும் உடன்பாட்டின்பேரிலேயே வழக்கு முடிந்தது.

அந்த அதிர்ச்சியிலிருந்து ஒரு சட்டம் பிறந்தது. என். எம். ஜோஷி 1921இல் மத்திய சட்டமன்றத்தில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்று குரல் எழுப்பினார். 1926இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. பதிவுபெற்ற சங்கத்தின் நியாயமான செயல்களுக்காக அதன் பொறுப்பாளர்மேல் சதிவழக்கோ நஷ்டஈட்டு வழக்கோ தொடுக்க முடியாதபடி அது காவல் செய்தது. எண்ணாகமம் 27இல் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் சபையார் அனைவர் முன்னும் ஒன்றாக வந்து நின்று முறையிட்டதையும், அவர்கள் கேட்டது நியாயமென்று கர்த்தர் ஏற்றுக்கொண்டதையும், அதன்பின் சுதந்தரப் பிரமாணமே திருத்தப்பட்டதையும் இங்கே நினைவுகூரலாம். ஒன்றுகூடி முறையிடுவது கலகம் ஆகாது. சில வேளைகளில் பிரமாணம் நீதியை நோக்கி வளர்வதே அவ்வழியாகத்தான்.

உரிமை எதுவரை?

சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பு, சங்கம் அமைக்கும் உரிமையை 19ஆம் உறுப்பில் அடிப்படை உரிமையாக வைத்தது. அந்த உரிமைக்குள் வேலைநிறுத்த உரிமையும் அடங்குமா? அடங்காது என்று 1960களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே நம் நாட்டில் வேலைநிறுத்தம் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கே உள்ள ஓர் உரிமை. சட்டம் அதைக் கூட்டலாம், குறைக்கவும் செய்யலாம்.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் மட்டும் 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியது. புதிய தொகுப்போ எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் அந்த விதியை விரித்திருக்கிறது. முன்னறிவிப்புக் கொடுத்து 14 நாள் கழியாமல் வேலையை நிறுத்த முடியாது. சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்தபின் 7 நாள்களுக்கும் நிறுத்த முடியாது. தீர்ப்பாயத்தில் விசாரணை நடக்கும்போதும் அதன்பின் 60 நாள்களுக்கும் நிறுத்த முடியாது. தொழிலாளரில் பாதிப்பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே. சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்குப் பழைய சட்டத்தில் 50 ரூபாயாக இருந்த உச்ச அபராதம், இப்போது 1,000 ரூபாயில் தொடங்கி 10,000 ரூபாய் வரை செல்கிறது. ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. கதவடைப்புச் செய்யும் நிர்வாகத்துக்கும் இத்தகைய முன்னறிவிப்பு விதி உண்டு என்பதை நேர்மையோடு சொல்ல வேண்டும். ஆயினும் சேமிப்பில் மாதங்களைக் கடத்தக்கூடிய நிறுவனத்துக்கும், மாதச் சம்பளம் ஒன்றையே நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் காத்திருத்தலின் பாரம் ஒன்றல்ல.

எல்லைக்குரிய நியாயம்

அப்படியானால் எல்லையே கூடாதா? அப்படிச் சொல்ல வேதம் நம்மை அனுமதிக்கவில்லை. ஓய்வுநாளில் உயிரைக் காப்பதா அழிப்பதா என்று நம் ஆண்டவர் கேட்ட கேள்வி, மாற்கு 3ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. துரவிலே விழுந்த எருதை ஓய்வுநாளிலும் தூக்கிவிடத்தானே செய்வீர்கள் என்ற பொருள்படவும் அவர் கேட்டார். தேவனே கட்டளையிட்ட ஓய்வுகூட உயிருக்கு வழிவிட வேண்டுமென்றால், மனிதர் அறிவிக்கும் வேலைநிறுத்தம் எம்மாத்திரம்? தீவிர சிகிச்சைப் பிரிவின் படுக்கையில் கிடப்பவரும் பிரசவ அறையில் துடிக்கும் தாயும் எந்தத் தகராறிலும் ஒரு கட்சி அல்லர். அவர்களைப் பணயமாக வைப்பதை எந்த நியாயமும் மூடாது.

சங்கங்களும் பாவத்துக்கு விலக்கானவை அல்ல. மேலே சொன்ன அதே ஆலைகளில் 1921இல் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தம் இதற்குச் சாட்சி. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். கையிருப்பு ஏதும் இல்லாதவனுக்குப் பசி முந்திக்கொள்ளும். சக தொழிலாளியே தன்னைத் தீண்டத்தகாதவனாக நடத்தும்போது ஒற்றுமை என்ற சொல் அவன் காதில் எப்படி விழுந்திருக்கும்? தகராறு சாதிப் பகையாக மாறிப் புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன, உயிர்களும் போயின. மிக எளியவனைத் தன்னோடு சமமாக நடத்தாத சங்கம், முதலாளியிடம் சமத்துவம் கேட்கும் தகுதியைத் தானே இழக்கிறது. வேலைக்குப் போகிறவனை அடிப்பதும் அவன் பிள்ளைகளைப் பழிப்பதும் எந்தக் கோரிக்கையையும் பரிசுத்தமாக்காது.

ஆகவே எல்லைகள் தேவை. ஆனால் எவ்வளவு?

எல்லைக்கு ஈடு

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சங்கச் சுதந்திரக் குழு 1951 முதல் இத்தகைய முறையீடுகளை விசாரித்து வருகிறது. உயிருக்கோ, பாதுகாப்புக்கோ, உடல்நலத்துக்கோ ஆபத்து விளையும் சேவைகளையே அது கண்டிப்பான பொருளில் அத்தியாவசியம் என்று கொள்கிறது. அத்தகைய இடங்களில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கலாம் என்றும், அப்படித் தடுத்தால் அதற்கு ஈடாகப் பாரபட்சமற்ற, விரைவான சமரசமும் நடுவர் தீர்ப்பும் கிடைக்க வேண்டும் என்றும் அது தொடர்ந்து கூறிவருகிறது. சங்கச் சுதந்திரத்தையும் கூட்டுப் பேரத்தையும் காக்கும் 87, 98ஆம் உடன்படிக்கைகளை இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. அரசு ஊழியர்க்கு நம் விதிகள் மறுக்கும் சில உரிமைகளைத் தரவேண்டியிருக்கும் என்பதே அரசு கூறும் காரணம்.

ஈடு இல்லாத எல்லை எப்படியிருக்கும் என்பதைத் தமிழ்நாடு 2003இல் கண்டது. ஓய்வூதியம் முதலிய பயன்கள் குறைக்கப்பட்டதை எதிர்த்து ஜூலை மாதத் தொடக்கத்தில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த அவசரச் சட்டமும் பாய்ந்தன. சுமார் 1,70,000 பேர் விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். நள்ளிரவுக் கைதுகளையும் ஒரே நாளில் வருமானம் நின்றுபோன வீடுகளையும் நம்மில் பலர் இன்னும் மறக்கவில்லை. ஆகஸ்டு 6 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்றது. அநீதி நேர்ந்திருந்தாலும் சட்டம் வகுத்த அமைப்புகளிடமே முறையிட வேண்டும் என்றது. அரசு பெரும்பாலோரை மீண்டும் பணியில் சேர்க்க முன்வந்ததும் அவ்வழக்கின் போக்கில்தான்.

அத்தீர்ப்பில் ஒரு செய்தி அதிகம் பேசப்படுவதில்லை. ஊழியர்கள் முதலில் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. சென்னையில் அத்தீர்ப்பாயம் அப்போது ஒரே ஓர் உறுப்பினரோடு இயங்கிக்கொண்டிருந்ததை உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. இலட்சத்துக்கு மேற்பட்ட வாய்களுக்கு ஒரு செவி! வேலைநிறுத்தம் செய்யாதே, முறையிடு என்று சொல்வது நல்ல ஆலோசனையே. முறையிடும் வாசலில் யார் அமர்ந்திருக்கிறார், எத்தனை நாளில் பதில் வரும் என்பதே அந்த ஆலோசனையின் உண்மையைச் சோதிக்கும்.

அண்மைய நிகழ்ச்சி ஒன்றும் இதையே காட்டுகிறது. 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் அருகே உள்ள சாம்சங் ஆலையில் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கும் மேலாக நீடித்தது. ஊதிய உயர்வு அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்றே. தங்கள் சங்கம் அங்கீகரிக்கப்பட வேண்டும் என்பது அதன் மையம். சங்கத்தைப் பதிவு செய்யும் விண்ணப்பம் மாதக்கணக்கில் நிலுவையில் இருந்தது. நிறுவனத்தின் பெயரைச் சங்கம் பயன்படுத்துவதற்கு ஆட்சேபம் எழுந்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. 1926ஆம் ஆண்டின் சட்டம் தந்த பதிவு என்னும் எளிய வாசலைத் திறக்க, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் வீதியில் அமரவேண்டியிருந்தது. வேலைநிறுத்தங்கள் குறையவேண்டும் என்று மெய்யாகவே விரும்புகிறவர்கள், முதலில் இத்தகைய வாசல்களின் பூட்டைக் கழற்ற வேண்டும்.

சட்டம் விலக்கினாலும்

இதுவரை அரசையும் ஆலையையும் பற்றிப் பேசினோம். இனி நம் வீட்டைப் பார்ப்போம். பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், விடுதிகள் என்று திருச்சபைகள் பல்லாயிரம் பேருக்கு வேலை தருகின்றன. 1978இல் பெங்களூர்க் குடிநீர் வழங்கல் வாரிய வழக்கில், தொழில் என்ற சொல்லுக்கு உச்ச நீதிமன்றம் விரிந்த பொருள் தந்தது. மருத்துவமனைகளும் கல்வி நிலையங்களும் அதனுள் அடங்கக்கூடும் என்றாயிற்று. புதிய தொகுப்போ, தர்மப் பணியிலும் சமூகப் பணியிலும் முழுமையாகவோ பெரும்பாலுமோ ஈடுபட்ட அமைப்புகளின் நிறுவனங்களை அந்த வரையறையிலிருந்து விலக்கியிருக்கிறது. நம் நிறுவனங்களுள் பல இந்த விலக்கைக் கோரக்கூடும்.

இந்த விலக்கைக் கண்டு நம் நிர்வாகக் குழுக்கள் மகிழ்ச்சியடையுமானால், அது எனக்கு மனவேதனை தரும். இராயனுடைய சட்டம் நம்மை விட்டுவிடலாம்; சுவிசேஷம் விட்டுவிடுவதில்லை. கூலிக்காரனின் கூலியைச் சூரியன் அஸ்தமிக்குமுன் கொடுத்துவிட உபாகமம் 24 கட்டளையிடுகிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுவதையும் அது சேனைகளின் கர்த்தருடைய செவிகளில் எட்டுவதையும் யாக்கோபு 5 எச்சரிக்கிறது. குறைந்த சம்பளத்துக்கு உழைக்கும் ஆசிரியையிடம், இது ஊழியம் அல்லவா, தியாகம் வேண்டாமா என்று கேட்பது எளிது. தியாகம் என்பது கொடுப்பவர் தாமே தெரிந்துகொள்வது. மற்றவர் மேல் சுமத்தப்படும் தியாகத்துக்கு வேதத்தில் வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரை யாத்திராகமத்தில் வாசித்தோம்.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம் நமக்கு வேறொரு வழியைக் காட்டுகிறது. அன்றாட விசாரணையில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் அந்த முறுமுறுப்பை அவிசுவாசம் என்று கண்டிக்கவில்லை. முறுமுறுத்தவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுக்கவுமில்லை. சபையாரைக் கூட்டினார்கள். தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவர்களிடமே விட்டார்கள். தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேரின் பெயர்களைப் பாருங்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை யாவும் கிரேக்கப் பெயர்கள். குறை கூறிய பக்கத்தாரின் கையிலேயே பந்தியின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் தேவவசனம் விருத்தியடைந்தது என்று லூக்கா எழுதுகிறார். கேட்கப்பட்ட குறை சபையை வளர்த்தது.

எனவே நம் நிறுவனங்களில் பொறுப்பு வகிப்போர்க்கு ஒரு விண்ணப்பம். 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களில் குறைதீர்க்கும் குழு அமைய வேண்டும் என்று புதிய தொகுப்பு சொல்கிறது. சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் அத்தகைய குழுவை நாமே அமைப்போம். எழுத்தில் வரும் முறையீட்டுக்குக் குறித்த நாள்களுக்குள் எழுத்தில் பதில் தருவோம். முடிவு எட்டாத காரியத்தை இருதரப்பும் நம்பும் வெளியாள் ஒருவரிடம் ஒப்படைப்போம். மனுவில் முதல் கையெழுத்திட்டவரை அடுத்த மாதம் இடமாற்றம் செய்யாதிருப்போம்.

தொழிற்சங்கங்களில் இருக்கும் சகோதர சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. எல்லா வாசல்களையும் தட்டியபின் எடுக்கும் ஆயுதமாகவே வேலைநிறுத்தம் இருக்கட்டும். நோயாளியின் படுக்கையருகே எப்போதும் ஒருவர் நிற்கட்டும். சங்கத்தில் சேர இயலாத ஒப்பந்தத் தொழிலாளியையும் துப்புரவுப் பணியாளரையும் உங்கள் கோரிக்கைப் பட்டியலில் முதலில் எழுதுங்கள். அப்போது உங்கள் குரலுக்கு மறுக்க முடியாத பலம் உண்டாகும்.

அதிகாரத்திலுள்ளவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று ரோமர் 13 கற்பிக்கிறது. அதே அதிகாரம், ஆளுகிறவன் நம் நன்மைக்கென்று வைக்கப்பட்ட தேவ ஊழியக்காரன் என்றும் கற்பிக்கிறது. கீழ்ப்படிதலைக் கேட்கும் உரிமையும் நன்மை செய்யும் கடமையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட எந்த அரசுக்கும், எந்த நிர்வாகத்துக்கும், எந்தச் சபைக்கும் அதிகாரமில்லை.

ஜெபிப்போம்: கூக்குரலைக் கேட்கிற தேவனே, உழைக்கிறவர்களின் வாயில் உண்மையையும், ஆளுகிறவர்களின் செவியில் பொறுமையையும் தாரும். எங்கள் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பார்வோனின் மறுமொழி ஒருபோதும் ஒலியாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.